மேசைமேல் வைத்த கைகள்

சத்தியபாமா டீச்சரை முதல்முதலாகப் பார்த்த அன்றைக்கு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் புரிந்த ஒரே பெரிய மனுஷி அவர்தான். வேறு யாரைத்தான் நான் திட்டுவது?

அது எழுபத்தாறாம் வருஷம், மெல்போர்னில் நோபிள் பார்க். என் வீட்டுக்காரர் பார்த்தசாரதிக்கு டாண்டினாங் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. அவர் முன்னால் வந்துவிட்டார். நானும் மகள் கல்யாணியும் மார்ச் மாதம் கரூரிலிருந்து வந்து சேர்ந்தோம். கல்யாணிக்கு எட்டு வயது. கரூரில் தமிழில் படித்தவள், அங்கே கணக்கில் அவளை யாரும் முந்தியதில்லை. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால், நான் காலண்டரைத் தேடி எடுப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள்.

இங்கே பள்ளியில் சேர்த்த முதல் மாதமே தகவல் சொல்லி அனுப்பினார்கள். வேறு பாஷை பேசும் பிள்ளைகளுக்குத் தனியாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் ஒரு டீச்சர் வருகிறாராம், பெயர் மிஸஸ் சச்சிதானந்தன், கல்யாணியையும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தார்கள். பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நம்ம ஆளுகிட்ட இங்கிலீஷ் கத்துக்கவா ப்ளைட் ஏறி வந்தோம்? வெள்ளைக்காரிகிட்டயே படிக்கட்டும். அப்பத்தான் நாக்கு திரும்பும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

ஆகஸ்டில் ஹெட்மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். அவர் பேசப் பேச என் வீட்டுக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. இவர் அங்கே எனக்குப் பாதியைத்தான் தமிழில் சொன்னார், மீதியை வீட்டுக்கு வந்து சொன்னார். வெளியிலிருந்து ஒரு சைக்காலஜிஸ்ட் வந்து கல்யாணிக்குப் பரீட்சை வைத்தாராம். இங்கிலீஷில் அவள் வாயே திறக்கவில்லை, வந்து கொஞ்ச நாள்தானே ஆகிறது, அது போகட்டும். ஆனால் கணக்கும் சுத்தமாக வரவில்லையாம். எண்ணுக்குப் பாஷை கிடையாதே, அதுவும் வரவில்லை என்றால் பிள்ளைக்கு மூளை மந்தம் என்றுதானே அர்த்தம் என்றாராம். செப்டம்பர் லீவு முடிந்ததும் அவளை ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றப் போகிறார்கள். காலையில் வீட்டு வாசலுக்கே ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம்.

"மந்தமா? என் பொண்ணா?" என்று கத்தினேன்.

"கத்தாத. அவ காதுல விழப்போகுது" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே நான் கல்யாணியைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மளமளவென்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை. கரூரில் முதல் மார்க் வாங்கியவளை இங்கே வந்து வேனில் ஏற்றப் போகிறார்களாம்!

மறுநாள் காலையில் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனேன். எனக்கு இங்கிலீஷில் "நோ" நன்றாக வரும். அதைப் பலமுறை சொன்னேன். மீதியைத் தமிழில் சொன்னேன். ஆபீசில் இருந்த பெண் பயந்துபோய் உள்ளே ஓடினாள். சற்று நேரத்தில் நீலக் கரை வைத்த சேலைமேல் ஒரு பெரிய ஓவர்கோட்டும் காலில் ஆண்பிள்ளை பூட்சுமாக ஒரு அம்மாள் வேகமாக வந்தார். கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"அம்மா, ஏன் இப்பிடிச் சத்தம் போடுறியள்? குளிருக்க நிக்காதேங்கோ, உள்ளுக்க வாங்கோ."

"நீங்க தமிழா?"

"ஓம். யாழ்ப்பாணம். சத்தியபாமா."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. "தமிழ்க்காரியா இருந்துக்கிட்டு இதைப் பார்த்துக்கிட்டு சும்மாவா இருக்கீங்க? உங்க வயித்துல பொறந்ததுன்னா விடுவீங்களா? சம்பளம் வந்தாப் போதும், பிள்ளைங்க எக்கேடு கெட்டா என்னன்னு இருக்கீங்களா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்கியபோது மெதுவாகச் சொன்னார்.

"உங்கட பிள்ளையை நான் கேட்டனான். என்ர வகுப்புக்கு விடமாட்டம் எண்டு நீங்கள்தானே சொல்லி விட்டனீங்கள்."

அந்தத் தகவல் ஞாபகம் வந்து நான் கல்யாணியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, அது போகட்டும். இண்டைக்கு விடுறியளோ? நீங்களும் வந்து இருங்கோ."

வகுப்பு என்று அவர் சொன்னது விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் ஒரு அறை. ஒரு பக்கம் கிரிக்கெட் மட்டைகள், வலை, மூட்டையில் பந்துகள். மறுபக்கம் ஒரு நீள மேசை, நாலைந்து கதிரை. கதிரை என்பது அவர் சொல், நமக்கு நாற்காலி. கரும்பலகைகூடப் பள்ளிக்கூடத்தினுடையது இல்லை. தன் ஹோல்டன் காரின் டிக்கியில் ஒரு மடக்குப் பலகையைக் கொண்டுவருவார். வேறு பள்ளிக்கூடங்களுக்கும் அதையேதான் தூக்கிக்கொண்டு போவார். சாவகச்சேரியில் பெரிய பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். புருஷன் சச்சிதானந்தனுக்கு இங்கே கணக்காளர் வேலை கிடைத்ததால் எழுபத்துமூன்றில் வந்திருக்கிறார். அவருக்குக் கொடுத்திருந்தது தற்காலிக வேலை. அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு டிசம்பரிலும் ஹெட்மாஸ்டர் வாயிலிருந்து வர வேண்டும்.

அந்த அறையில் ஒரு கிரேக்கப் பையன், இரண்டு துருக்கிப் பெண்கள், திமோர் தீவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அண்ணன் தங்கை என்று பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவார். முதலில் அவரவர் வீட்டில் அதை என்ன சொல்வார்களோ அதைச் சொல்ல வேண்டும், இங்கிலீஷ் பிறகுதான். பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர் பலகையில் எழுதிக்கொண்டே போவார். பார்த்தால் கிரேக்கம், துருக்கி எல்லாமே தமிழ் எழுத்தில் இருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வேற எந்த எழுத்தில நான் எழுதுறது? எனக்கு மறக்காமல் இருக்கவேணுமே" என்றார். "வீட்டுப் பேச்சை வெளியில கழட்டி வைச்சிட்டு வா எண்டு சொன்னால் பிள்ளை வாயையும் சேர்த்து வைச்சிட்டுத்தான் வரும்."

கல்யாணி என் கோட்டைப் பிடித்தபடி நின்றாள். டீச்சர் அவளை மேசையருகே உட்காரவைத்துத் தமிழிலேயே கேட்டார்.

"இந்த மூட்டையில பதினெட்டுப் பந்து இருந்தது. பெரிய பெடியள், பெரிய பையன்கள், வந்து ஒன்பதைத் தூக்கிக்கொண்டு போட்டினம். மிச்சம் எத்தினை? சொல்லுங்கோ பாப்பம்."

முந்தின நாள் இதைவிடக் கஷ்டமான கணக்கையெல்லாம் ஊதித் தள்ளியவள். இப்போது இரண்டு கையையும் எடுத்து மேசைமேல் விரித்து அழுத்தி வைத்துக்கொண்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"சொல்லேண்டி!" என்று நான் பின்னாலிருந்து அதட்டினேன்.

டீச்சர் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். பிறகு அவள் பக்கத்தில் குனிந்தார்.

"ஏன் பிள்ளை கையை இப்பிடி மேசையில வைச்சிருக்கிறீங்கள்?"

"வகுப்பு டீச்சர் அப்படித்தான் வைக்கச் சொன்னாங்க."

"எப்ப?"

"கணக்கு போடறப்ப. பரீட்சை வச்ச மாமாகிட்டயும் சொல்லிட்டாங்க, அவரும் அப்படித்தான் வைக்கச் சொன்னார்."

"ஏன் அப்பிடிச் சொன்னவை?"

கல்யாணி என்னை ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்த்தாள். "காப்பி அடிக்கக் கூடாதுல்ல."

"ஆரைப் பாத்துக் கொப்பி அடிச்சனீங்கள்?"

"கையைப் பார்த்து" என்றாள் என் மகள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலால் சுண்டுவிரலின் அடிக் கணுவைத் தொட்டார், நடுக்கணு, மேல்கணு, பிறகு மோதிர விரல். நாலு விரலில் பன்னிரண்டு கணு. பன்னிரண்டு முடிந்தால் இடது கையில் ஒரு கணு. நாமெல்லாம் எண்ணுவது அப்படித்தானே? பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படியில் நின்றுகொண்டு, சாமி பெயர் சொல்லிக்கொண்டு. மூச்சு விடுவதை யாராவது கவனிப்பார்களா? அதுபோல என் மகள் என் கண்ணெதிரே தினமும் அப்படி எண்ணியும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் விரலை ஒவ்வொன்றாக நீட்டி எண்ணுவார்கள் என்று டீச்சர் விளக்கினார். மேசைக்கு அடியில் ஒரு பெண் தன் விரல்களைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருப்பதைப் பார்த்த வகுப்பு டீச்சர், அது ஏதோ நரம்புக் கோளாறு, விட்டால் முற்றிவிடும் என்று பயந்திருக்கிறார். கையை மேசைமேல் வைத்தால் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். பாஷை புரியாத கல்யாணி, காப்பி அடிப்பதற்காகத்தான் தன்னைத் திட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். அது நின்றுதான் போயிற்று. கூடவே கணக்கும் நின்றுபோயிற்று.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எங்க அந்த வகுப்பு டீச்சர்?" என்று கிளம்பினேன். சத்தியபாமா டீச்சர் என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"அவ கெட்ட ஆள் இல்லை. அவவுக்குத் தெரியாது. பெத்த உங்களுக்கே இவ்வளவு நாளும் தெரியேல்லையே!"

ஆளை உட்காரவைக்கும் வார்த்தைகளைத் தேடிப்பிடித்துச் சொல்வதில் அந்த அம்மாளுக்கு நிகர் கிடையாது.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டீச்சரோடு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் காபியைக்கூடத் தொடாமல் சொன்னார், "அந்தம்மா பேசின இங்கிலீஷ்ல பாதி எனக்கே வராது, நாகு." ஹெட்மாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். பரீட்சை முடிந்துவிட்டது, முடிந்ததுதான் என்றாராம். "நீங்கள் பரீட்சை வைக்கவில்லை. ஒரு பிள்ளையின் கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்னீர்கள்" என்று டீச்சர் சொன்னாராம். உங்கள் வேலை இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது, அதுவும் டிசம்பர் வரைக்கும்தான், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்ல, "ஞாபகம் இருக்கிறது. பரீட்சையை டிசம்பருக்கு முன்னால் வையுங்கள்" என்றாராம் டீச்சர். கடைசியில் ஹெட்மாஸ்டர் கணக்கை மட்டும் இன்னொரு தடவை வைக்கச் சம்மதித்தார். அதிலும் வரவில்லை என்றால் ஸ்பெஷல் ஸ்கூல்தான், பிறகு பேச்சில்லை.

டீச்சருக்கு எங்களோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முந்தாநாள் வரைக்கும் அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. தன் வேலையைக் கொண்டுபோய் என் பெண்ணுக்காக அந்த மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

கல்யாணியை மாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கையால் எண்ணுவது திருட்டு என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. டீச்சர் தன் வகுப்பில் கிரேக்கப் பையனுக்கும் துருக்கிப் பெண்களுக்கும் கணு எண்ணக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் சிரித்துக்கொண்டு எண்ணினார்கள், இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் வகுப்பு டீச்சரையே கூட்டிவந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. முகமெல்லாம் சிவந்து, கல்யாணி முன்னால் முட்டிபோட்டு, மேசைமேல் இருந்த அவள் கைகளை எடுத்து மடியில் வைத்தாள். ஏதோ சொன்னாள். "தான் சொன்னது பிழையாம். மன்னிச்சுக்கொள்ளட்டாம்" என்றார் சத்தியபாமா டீச்சர். அதற்கப்புறம் எனக்கு அவள்மேல் கோபம் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

பரீட்சை நாள் வந்தது. ஹெட்மாஸ்டரின் அறையிலேயே வைத்தார்கள். சைக்காலஜிஸ்ட் நரைத்த தாடி வைத்த சாதுவான மனுஷன். மேசையின் ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் கல்யாணி. ஹெட்மாஸ்டர் கதவருகே. பெற்றவர்களில் ஒருவர் இருக்கலாம் என்றதால் பின்னால் மூலையில் ஒரு நாற்காலியில் நான். சத்தியபாமா டீச்சர் அறையில் இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது, பிள்ளையைப் பார்க்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து நின்றார்.

அட்டையில் எண்களை எழுதி ஒவ்வொன்றாக வைப்பார்கள், இவள் பதிலைத் தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் அட்டையை வைத்தார். பதினாலும் பதினாலும் பதினாலும் எத்தனை?

கல்யாணி அந்த மனுஷனைப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி மேசைமேல் விரித்து வைத்துவிட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. கையை எடுடி என்று கத்த வாய் துடிக்கிறது, கத்தினால் பரீட்சை போய்விடும். தாடிக்காரரும் காத்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மகமாயீ, எடுக்கச் சொல்லு, எடுக்கச் சொல்லு என்று நான் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அப்போது கல்யாணியின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. நானும் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்து நின்ற டீச்சரின் முதுகுக்குப் பின்னால், கோர்த்திருந்த கை பிரிந்திருந்தது. வலது கைப் பெருவிரல் சுண்டுவிரலின் கணுவிலிருந்து மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். முடித்துவிட்டு மறுபடி சுண்டுவிரல். அந்த விரல்களில் சாக்பீஸ் ஒட்டியிருந்தது.

என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேசைமேல் இருந்த கைகளை எடுத்து மடிக்குக் கொண்டுபோனாள். அதற்கப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்து தன் விரலைத் தானே எண்ணினாள். நாற்பத்திரண்டு என்று எழுதினாள். அடுத்த அட்டை வந்தது, எழுதினாள். அதற்கடுத்தது வந்தது, எழுதினாள். தாடிக்காரர் அட்டையை வைக்கும் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. அட்டைக் கட்டே முடிந்துவிட்டது.

அவர் தாளை இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப்பார்த்து, எப்படிச் செய்கிறாய் என்று கேட்டார். கல்யாணி கையைத் தூக்கிக் காட்டினாள். "ட்வெல்வ் ஹியர்" என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பெரியவர் ஒருவரிடம் இங்கிலீஷில் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவரும் தன் பெருவிரலால் எண்ணிப் பார்த்தார். நடுவிரலில் தடுமாறி மறுபடி சுண்டுவிரலுக்குப் போனார். ஹெட்மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். "ஷி ஸ்டேஸ்" என்றார். இவள் இங்கேயே இருக்கட்டும் என்ற அந்த இங்கிலீஷ் எனக்கு யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்தது.

டீச்சர் கார் நிறுத்தும் இடத்துக்கு மடக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. பாஷை தெரியாத ஊர்ல என் பொண்ணைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும், உங்க புருஷன் பிள்ளைங்க நல்லா இருக்கணும்."

"சும்மா இருங்கோ. உங்கட பிள்ளை கெட்டிக்காரி. நான் என்ன செய்தனான்?"

"என்ன செஞ்சீங்களா? ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு விரல் எண்ணிக் காட்டினீங்களே, அதைப் பார்த்துத்தானே அவ கையை எடுத்தா!"

பலகையை டிக்கியில் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"நானோ? எண்ணினனானோ?" தன் கையைத் தூக்கி ஒரு புதிய சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது. ஜன்னல் கண்ணாடியில அந்த அட்டை தெரிஞ்சது. பிள்ளை எழுதிற சத்தத்தைக் காணேல்லை. நெஞ்சு இடிக்குது. பயத்தில என்னையறியாமல் எண்ணிப் போட்டன் போல. எனக்கு வேற மாதிரி எண்ணத் தெரியாது, அம்மா."

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவர்கோட் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நல்ல காலம் பிள்ளை சரியாச் செய்தது. இல்லாட்டி அந்த ஸ்பெஷல் ஸ்கூல் வான் வந்து ரெண்டு பேரையும் எல்லோ ஏத்திக்கொண்டு போயிருக்கும்!"

நானும் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள், அந்தக் கார்களுக்கு நடுவில் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூள் என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போகும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.